குடை நிழலில் தெரியும் கோடு

வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில், தன் தலைக்குப் பிடிக்காமல் செடிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தம்பியிடம் சொல்லவும் செய்தேன். அவன் சிரித்தான். அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அது கிடக்கட்டும்.

தோட்டத்தில் அவளுக்குக் குடைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். எனக்கு என்ன பயம், நான் அவளுக்கு நாத்தனார்.

எங்களுடையது லில்லித் தோட்டம். தகரக் கூரை போட்ட பேக்கிங் ஷெட், ஒரு குளிர் அறை, ஷெட்டை ஒட்டியே வீடு. செடி வளர்ப்பது தம்பி. மொட்டு வாய் திறப்பதற்கு முன்னால் வெட்டி, கட்டி, பெட்டியில் அடுக்கி அனுப்புவது நான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. ஷெட்டில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமான குடும்பமாக இருந்தது. ஒரு வருஷம் பூக்கள் கோணலாக விரிந்தன. இதழில் தீற்றல் தீற்றலாக நிறம் மாறியது, இலை முறுக்கிக்கொண்டது, செடி வளராமல் குட்டையாக நின்றது. வைரஸ் என்றார்கள். அதற்கு மருந்து கிடையாது, வந்த செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவது ஒன்றுதான் வழி, கண்டுபிடிப்பதற்கென்றே ஆள் உண்டு என்றார்கள். அப்படி வந்தவள்தான் இவள்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய பண்ணையில் பூ வெட்டிக்கொண்டிருந்தாளாம். வெட்டிக்கொண்டே போகும்போது சில செடிகளை மட்டும் தொடாமல் தாண்டிப் போவாளாம். ஏன் என்று மேஸ்திரி அதட்டியதற்கு, "அது நல்லா இல்லைங்க" என்று மட்டும் சொன்னாளாம். கொஞ்ச நாளில் அவள் தாண்டிய செடிகள் ஒவ்வொன்றாகக் கோணிக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்துவிட்டார்கள். தன்னைப் பற்றி அவள் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். அப்பா அம்மா பற்றிக் கேட்டால், "இருந்தாங்க" என்பாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

அவள் வேலை செய்கிற விதம் இப்படி. காலையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாத்தியோரமாக மெல்ல நடப்பாள். கறுப்புக் குடையைச் சாய்த்துப் பிடித்து, அதன் நிழல் செடிமேல் விழும்படி வைத்துக்கொள்வாள். வெயிலில் லில்லி இலை பளபளவென்று மின்னும், எதுவும் தெரியாது. நிழல் விழுந்ததும் அந்த மினுக்கு போய்விடும். அப்போதுதான் இலைக்குள்ளே வெளிறிய கோடுகள் விட்டுவிட்டு நீளவாக்கில் ஓடுவது தெரியுமாம். தெரிந்த செடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குச்சி நடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பின்னால் கோணிப்பையோடு வருகிற நெட்டையனும் பேசமாட்டான். மற்ற நேரத்தில் அந்த நெட்டையன் வாயை மூட முடியாது. அவள் குடையை விரித்துவிட்டால் அவனுக்கும் சத்தம் அடங்கிவிடும்.

குச்சி நட்ட செடியைப் போய்ப் பார்த்தால் மற்றதைவிட நன்றாக நிற்பது மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிற ஒன்றின் பக்கத்தில் குச்சியை நட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே என்றிருக்கும். நெட்டையன் அதை மண்ணோடு தோண்டி எடுத்து, பக்கத்துச் செடியில் உரசாமல் பைக்குள் இறக்கி வாயைக் கட்டுவான். பாத்தியில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும். நோய்ச் செடியின் சாற்றைக் குடித்த அசுவினிப் பூச்சி பக்கத்துச் செடியில் போய் உட்கார்ந்தால் அதோடு அதன் கதையும் முடிந்தது. கொல்லையில் பள்ளம் வெட்டி எரித்துவிட்டு, கத்தியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். குடைக்காரி கை கழுவுவதைப் பார்த்தால் பொறுமை போய்விடும். முழங்கை வரைக்கும் தேய்த்து, நகக்கண்ணைத் தேய்த்து, அலசி, மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பாள்.

வீட்டுக்குள் ஒரு பூ கொண்டுவரவிடமாட்டாள். தலையில் வைத்தும் நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது எதிரே இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறும் பழக்கம்தான். ஆனால் அந்தப் பார்வை யார் மேல் விழுந்தாலும் ஒரு தடவை தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, என்னை ஏன் அப்படிப் பார்க்கிற? குச்சி கிச்சி நடப் போறியா?"

"உங்களுக்கெல்லாம் வராது அண்ணி. உங்க பக்கத்துல வர அசுவினியே பயப்படும்."

தம்பிக்குச் சாதம் புரையேறிவிட்டது. அவள் சிரிக்காமல் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குத்தான் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

இனி அந்த லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி பல வருஷமாக ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தூரிகையால் தடவி, விதை எடுத்து, முளைக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். முளைத்ததில் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். ஒரே ஒரு நாற்று மட்டும் நின்றது. ஆள் உயரம். வெள்ளைப் பூ, தொண்டையில் இளம்பச்சை, இதழ் ஓரத்தில் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஒரு சாயம். அதற்கு அவன் வைத்த பெயர் 'அக்கா'.

"நிமிர்ந்தே நிக்குது. பக்கத்துல யாரையும் வளர விடறதில்ல. வீட்டுக்குள்ள வச்சா ரெண்டே நாள்ல தலைவலி. வேற என்ன பேர் வைக்கிறது?" என்றான். ஷெட்டே சிரித்தது. நான் கையில் இருந்த நூல்கண்டை அவன் மேல் வீசினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

லில்லிக் கிழங்கு பூண்டு மாதிரி பல் பல்லாகப் பிரியும். ஒரு பல்லை நட்டால் ஒரு கிழங்கு. அப்படிப் பிரித்துப் பிரித்து, ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி முழுக்க அக்காவை நிரப்பிவிட்டான். எல்லாம் அந்த ஒரே செடிதான், இடம்தான் வேறு வேறு. ஒவ்வொரு கிழங்குக்கும் அடியில் ஒரு பிடி அலசின ஆற்று மணல் போடுவான், தண்ணீர் தங்கி அழுகக் கூடாதென்று. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மணல் டப்பா அவன் இடுப்பிலேயே தொங்கும். அந்த வருஷம் பூத்ததும் பெரிய நர்சரிக்காரர்கள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் ஆயுசிலேயே நடந்த பெரிய விஷயம் அதுதான்.

மொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு காலையில் குடை அந்தப் பாத்திக்கு வந்தது. நான் ஷெட் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் செடியில் நின்றது. நகரவே இல்லை. ஒரு குச்சி நட்டாள். அடுத்த செடியில் ஒரு குச்சி. அதற்கடுத்ததில் ஒரு குச்சி. பிறகு கையிலிருந்த மிச்சக் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நெட்டையன் மெதுவாகப் பின்வாங்கி ஷெட்டுக்குள் வந்து, "அக்காவுக்கு வந்துடுச்சு" என்றான். அவன் செடியைத்தான் சொன்னான், என்றாலும் எனக்கு ரத்தம் சுண்டிப்போனது.

தம்பி ஓடிப்போய்ப் பார்த்தான். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"இரும்புச் சத்து குறைஞ்சாலும் இப்படித்தான் வெளுக்கும்" என்றான்.

"இரும்புச் சத்துன்னா புது இலை மொத்தமா வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்குங்க. இது பழைய இலையிலயும் இருக்கு. விட்டுவிட்டுப் போகுது."

"குடையை மடக்கு. மடக்கிட்டுப் பாரு."

அவள் மடக்கினாள். பாத்தி முழுக்க வெயில் கொட்டியது. ஒவ்வொரு இலையும் கழுவி வைத்த மாதிரி பச்சையாக நின்றது.

"இப்ப எங்க இருக்கு?"

"அங்கேயேதான் இருக்கு. வெயில்ல தெரியல."

அவள் அதை மெல்லத்தான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்களாவது வந்து குடைக்குள்ள நின்னு பாருங்க" என்றாள். நான் போகவில்லை. எனக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை, உருவம் தெரியும், இலைக் கோடு மாதிரி நுணுக்கமெல்லாம் புகையாகத்தான் இருக்கும். அது இல்லாவிட்டாலும் நான் அந்த நிழலுக்குள் போயிருக்கமாட்டேன்.

பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு நுனிக்குருத்தை அனுப்பிப் பார்த்தோம். குருத்தில் வைரஸ் ஏறியிருக்காது, அதிலிருந்து சுத்தமாக ஒரு செடி எடுக்கலாம் என்றார்கள். எடுத்ததெல்லாம் கண்ணாடிக் குப்பியிலேயே கறுத்துப்போனது. கிழங்கில் நோய் இருந்தால் பல்லிலும் இருக்கும், எத்தனை பிரித்தாலும் எல்லாவற்றிலும் இருக்கும். விதைக்கு மட்டும் போகாது. முந்தின வருஷத்து அக்கா விதை கொஞ்சம் இருந்தது. குடைக்காரி அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"விதை போட்டு வளர்ப்போங்க. சுத்தமா வரும்."

"பிள்ளைங்க வரும். அக்கா வரமாட்டா" என்றான் தம்பி. அது உண்மைதான். விதையில் வருவது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறகு அவன், "ஒரே ஒரு தடவை, எனக்காகக் குடையை மடக்கி வையேன்" என்று கேட்டான். அவன் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. அவள் விதைப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். கடைசியில் அவனே, "என்ன வேணா பண்ணு" என்று அறைக்குள் போய்விட்டான். மறுநாள் காலையில் அவள் ஆரம்பித்தாள். நெட்டையனைக்கூடத் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாகத் தோண்டி, பையில் இறக்கி, தூக்கிக்கொண்டு போய் எரித்தாள். தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன்.

செத்தது அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பாத்தியைக் காலியாகத்தான் போட்டிருந்தோம். மழை விட்டு மண் காய்ந்ததும் நடுவில் ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. அக்கா. அவள் பிடுங்கினாள். இன்னொரு ஓரத்தில் வந்தது. அதையும் பிடுங்கினாள். தோண்டும்போது உடைந்து விழுந்த பல் நகத்தளவு இருந்தாலும் போதும், முளைக்கும் என்று காரணம் சொன்னாள். காரணம் இருக்கட்டும். எரித்துச் சாம்பலாக்கினதை மறுபடி மறுபடி பார்க்கிற எங்களுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம். நெட்டையன் அந்தப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான். நான் அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அந்த வருஷம்தான் அது நடந்தது. அவள் பாத்தியில் நடந்துகொண்டிருந்தாள். தம்பி குழாயடிக்குப் போக எதிரே வந்தவன், வழி விடுவதற்காக ஒதுங்கிக் குடை நிழலுக்குள் வந்துவிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். செடியைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தாள். நான் தூரத்தில் இருந்தேன், என்றாலும் அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

"கண்ணு மஞ்சளா இருக்குங்க. இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்" என்றாள்.

ஈரலில் கட்டி. முற்றிப்போயிருந்தது. வெயிலில் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத மஞ்சள் அவளுக்கு மட்டும் அந்த நிழலில் தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் அதற்குப் பிறகு அவள் குடையோடு வந்தால் விலகிப் போனார்கள்.

தம்பி படுத்துவிட்டான். கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னான். வெளியே பார்க்க அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு சுவர், ஒரு வாய்க்கால், உடைந்த பூப்பெட்டிகள் ஒரு குவியல். அவற்றை எடுத்துப் போடுகிறேன் என்றேன். "அதை மட்டும் தொடாத அக்கா" என்றான். நோயாளியிடம் என்ன வாதம் செய்வது? காலையில் நான் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் அந்தப் பெட்டிகள் நனைந்திருக்கும். முந்தின நாள் மழை பெய்திருக்காது. ஜன்னலோரம் சோப்பு வாசனை வேறு. யார் வந்து எதைக் கழுவிவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சாவு நடக்கப்போகிற வீட்டில் நனைந்த பெட்டியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு தடவை அறைக்குள்ளிருந்து பார்த்தேன். குடைக்காரி ஜன்னலுக்கு வெளியே, பெட்டிக் குவியலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நல்ல வெயில். குடை மடக்கித்தான் இருந்தது. கட்டிலில் தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவன் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மழைக்காலத்தில் அவன் போய்விட்டான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உன் குடை பட்டதெல்லாம் போகுது. செடியும் போச்சு, என் தம்பியும் போயிட்டான்" என்றேன்.

"குடை காட்டும் அண்ணி. கொண்டுவராது" என்றாள். அழவில்லை. போய்க் கையைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவன் அறையைப் பூட்டி வைத்தேன். அவள் அக்காவின் விதையில் வந்த நாற்றுகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் நட்டு வளர்த்தாள். அதைத்தான் நம்பி இருந்தோம். பழைய கிழங்கெல்லாம் வருஷத்துக்கு வருஷம் குச்சி விழுந்து குறைந்துகொண்டே வந்தது. இந்த நாற்றுகளும் போனால் தோட்டத்தை மூடிவிட வேண்டியதுதான். என் கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய அழைத்துக்கொண்டு போனதும் அவள்தான். நான் திட்டத் திட்ட வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். கட்டை அவிழ்த்தபோது முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். எப்போது இப்படிக் கிழவியானாள் என்று இருந்தது.

அடுத்த பூக்காலம் வந்தது. ஒரு காலையில் பூட்டிக் கிடந்த அறைக் கதவருகே போனேன். லில்லி வாசனை. சாதாரண லில்லி இல்லை, எனக்குத் தலைவலி கொடுக்கிற அந்த வாசனை. பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கட்டில், மடித்த போர்வை, மூலையில் அவன் செருப்பு. வாசனை மட்டும் அறை முழுக்க நின்றது. ஜன்னலைத் திறந்தேன். உடைந்த பெட்டிகளுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலிருந்து அக்கா எழுந்து நின்றாள். ஒரே தண்டு. மூன்று பூ. ஒன்று ஜன்னல் கம்பிக்குள் தலையை நீட்டியிருந்தது.

அந்த இடத்தில் நாங்கள் எந்தக் காலத்திலும் லில்லி நட்டது கிடையாது. நெட்டையனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணன் வந்து நட்டுட்டுப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனவன், இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு மேலே, பெற்ற பிள்ளை வந்து நிற்கிற மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. புதுக் கண்ணால் மேலும் கீழும் பார்த்தேன். ஒரு குறை தெரியவில்லை. இது மட்டும் தப்பித்து வந்திருக்கக் கூடாதா? இதிலிருந்து பல்லைப் பிரித்துப் பாத்தி நிரப்பலாம். தம்பியின் ஆயுசு வீண் போகவில்லை என்று ஆகும்.

வாசனையை எத்தனை நாள் மூடி வைப்பது? அவள் குடையோடு வந்து நின்றாள். நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, செடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

"தொடாதே. இது நல்லா இருக்கு" என்றேன்.

"அண்ணி, எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. புரைன்னு நினைக்கிறேன். இலையில எதுவும் பிடிபடல. உங்களுக்குப் புதுக் கண்ணு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவள் குடையை விரித்து என் தலைக்கு மேலே செடியை நோக்கிச் சாய்த்தாள். வேறு வழியில்லை. இத்தனை வருஷம் போகாத நிழலுக்குள் போனேன். உள்ளே வெயிலின் சத்தமே நின்றுபோன மாதிரி இருந்தது. முதலில் வெறும் பச்சைதான் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கண் நிழலுக்குப் பழகப் பழக, இலைக்குள்ளிருந்து வெளிறிய கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. என் புறங்கையில் நரம்பு தெரிகிற மாதிரி. விட்டுவிட்டு, நீளவாக்கில். கீழ் இலையில். மேல் இலையில். ஜன்னலுக்குள் தலை நீட்டியிருந்த பூவின் இதழில்கூட. நான் பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன. தலையை வெளியே இழுத்து வெயிலில் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மறுபடி உள்ளே போனேன். அங்கேயேதான் இருந்தன.

"இருக்கா அண்ணி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கண் தெரியவில்லை, நான் சொல்வதுதான் முடிவு. அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு எட்டுத் தள்ளி நாற்றுப் பாத்தி. எல்லாம் மொட்டு வைக்கப்போகிற பிள்ளைகள். ஒரு அசுவினி பறந்தால் போதும். பார்த்துத் தொலைத்துவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இருக்கு" என்றேன்.

"நிறையவா?"

"எல்லா இலையிலும்."

அவள் கைக்கொத்தை என்னிடம் நீட்டி, "என்னால முடியல. நீங்களே எடுத்துடுங்க அண்ணி" என்றாள்.

கைக்கொத்தை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். தண்டைச் சுற்றிக் கொத்தி, கிழங்கை மண்ணோடு தூக்கினேன். பள்ளத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மணல். ஒரு பிடி அலசின ஆற்று மணல்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. எந்தப் பேயும் வரவில்லை. அவள் பாத்தியைத் தோண்டி எரிப்பதற்கு முன்னால் அவனே ஒரு சின்னப் பல்லை ஒளித்து எடுத்து, ஜன்னலுக்குக் கீழே தன் கையால் நட்டு, பெட்டிகளைக் குவித்து மறைத்து வைத்திருக்கிறான். கடைசி வரைக்கும் அவள் சொன்னதை நம்பவில்லை. புருஷன் தன்னை நம்பாமலே செத்தான் என்று அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவள் நாற்றுப் பாத்திப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்த மணலைச் சுற்றியிருந்த கறுப்பு மண்ணோடு விரலால் கலந்து, தடம் தெரியாமல் அழுத்திவிட்டேன்.

"ஏதோ உடைஞ்ச பல்லு வாய்க்கால் தண்ணியில அடிச்சிட்டு வந்திருக்கு" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும் அண்ணி."

பையில் இறக்கி, இழுக்காமல் தூக்கிக்கொண்டு போய் எரித்தேன். கையை முழங்கை வரைக்கும் கழுவினேன். கழுவி முடித்தும் மனசு கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தேய்த்தேன்.

சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். விளக்குப் போடவில்லை. வாசலோரம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவள் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கம்பியிலிருந்து துணி ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது, அதைத் தைக்கப் போகிறாள். கறுப்பு நூலை வாயில் ஈரப்படுத்தி ஊசியை நிமிர்த்திப் பிடித்தாள். ஒரே தடவையில் நூல் காதுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இருக்கு அண்ணி."

"அப்ப மணலையும் பார்த்தே."

"மணலை இன்னிக்குத்தான் பார்த்தேன். செடியை எப்பவோ பார்த்துட்டேன். பெட்டிக்குப் பின்னால ரெண்டு இலை விட்டப்பவே."

"அப்புறம் ஏன் பிடுங்கல? ஒரு செடியை விட்டதில்லையே நீ."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அவர் படுத்துக்கிட்டு அதைத்தான் பார்த்துட்டு இருந்தார். குடையை மடக்கி வைன்னு கேட்டாரே. மடக்கி வச்சேன். அசுவினி வராம தினமும் விடியுறப்ப சோப்புத் தண்ணி அடிச்சேன். அவர் போனதுக்கு அப்புறமும் என்னால அதுல கை வைக்க முடியல."

நனைந்த பெட்டிகள் என் கண் முன்னால் வந்தன. ஜன்னலுக்கு வெளியே மடக்கின குடையோடு அவள் நின்றதும், நான் ஜன்னலைச் சாத்தினதும் வந்தன.

"என்னை ஏன் பார்க்கச் சொன்னே?"

"அவர் கடைசி வரைக்கும் பார்க்கல அண்ணி. நான் பொய் சொல்லலைன்னு இந்த வீட்டுல ஒருத்தராவது பார்க்கணும்னு இருந்துச்சு" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. டீயைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தில் குடைக்கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்துத் தைத்தாள்.